கண்டம் செய்யுமுன் மூடியைத் திறவுங்கள்

இந்தியாவின் முதல் ஐகியா கடை 2018 ஆகஸ்ட் 9 அன்று ஹைதராபாத்தில் திறந்தது. 4 லட்சம் சதுர அடி. அன்று திரண்ட கூட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் செய்தி வந்தது. கூட்டம் கலைந்த பிறகு அந்தத் தரையைச் சுத்தம் செய்தவர்களைப் பற்றி ஒரு வரி படித்ததாக நினைவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில்தான் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. இன்று மூன்று தடங்களில் 57 நிலையங்கள். ஷம்ஷாபாத் விமான நிலையம் 2008இல் வந்தது. மாதாப்பூர், கச்சிபௌலி பக்கம் ஐ.டி. கட்டடங்கள், மேட்சல் சாலையில் கிடங்குகள், ஜீடிமெட்லாவிலும் பட்டன்செருவிலும் மருந்து ஆலைகள். ஒரே தலைமுறைக்குள் இந்த நகரத்தில் இவ்வளவு தரை வந்து சேர்ந்துவிட்டது.

அந்தத் தரையை நம்பி ஒப்படைத்திருப்பது ஸ்க்ரப்பர் மெஷினிடம். பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய மெஷின். உள்ளே இரண்டு டேங்க்: ஒன்றில் சோப்பு கலந்த நல்ல தண்ணீர், மற்றதில் தரையிலிருந்து உறிஞ்சிய அழுக்குத் தண்ணீர். அடியில் வட்ட பிரஷ் சுழன்று தேய்க்கும். பின்புறம் வளைந்திருக்கும் ஸ்க்வீஜி ரப்பர் ஈரத்தை ஓரிடத்தில் கூட்டிக்கொடுக்க, சக்‌ஷன் மோட்டார் அதை இழுத்துக்கொள்ளும். மெஷின் கடந்துபோன இடத்தில் உடனே நடக்கலாம். பிரஷ் அகலம் அரை மீட்டர், நடை மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் 2,000 சதுர மீட்டர். திரும்புவது, தூணைச் சுற்றுவது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் போக அதில் பாதிக்கு மேல் தேறும். மாப்பும் பக்கெட்டுமாகக் குனிந்து நிமிரும் ஒருவரால் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. முதுகும் தாங்காது.

அந்தக் கட்டடங்கள் திறந்தபோது வாங்கிய மெஷின்களுக்கு இப்போது ஆறு, ஏழு, எட்டு வயதாகிறது. நிர்வாகியின் மேஜையில் இரண்டு காகிதங்கள் வந்து நிற்கின்றன. ஒன்று பழுது பார்க்கும் எஸ்டிமேட், இன்னொன்று புது மெஷினுக்கான கொட்டேஷன். பெரும்பாலும் இரண்டாவதில் கையெழுத்து விழுகிறது. பழையது லிஃப்ட் பக்கத்துச் சந்தில் சில மாதம் நின்றுவிட்டு, கண்டம் செய்யப்பட்டு, காயலான் கடைக்குப் போகிறது. இப்படிப் போகும் மெஷின்களில் பலவற்றின் ஆயுள் முடிவதற்கு வெகு முன்பே முடிவு எழுதப்படுகிறது என்பதுதான் இதை எழுதக் காரணம். மோட்டாரும் சட்டமும் நன்றாக இருக்கும். கொன்றது பேட்டரியோ நுரையோ தேய்ந்த ரப்பரோவாக இருக்கும்.

பழுது பார்க்க ஹைதராபாத்தைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம். செகந்திராபாத் ராணிகஞ்ச் கடைத்தெருவில் ஒரு நடை நடந்தால் பம்பு, மோட்டார், பேரிங், ஹோஸ், பெல்ட் என்று தொழிற்சாலைக்கு வேண்டிய உதிரிகள் அடுக்கடுக்காகக் கிடைக்கும். பாலாநகரில் லேத் பட்டறைகள் இருக்கின்றன. அங்கேதான் ஐ.நா. உதவியுடன் 1968இல் தொடங்கிய மத்திய டூல் டிசைன் நிறுவனமும் இருக்கிறது. டை, ஜிக், அச்சு செய்யும் கைகளைப் பல தலைமுறையாகப் பழக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கும் முன்னால் நிஜாம் காலத்திலேயே 1942இல் ஆல்வின், 1943இல் பிராகா டூல்ஸ் ஆலைகள் தொடங்கின. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் செகந்திராபாத்தில் ஏராளம். இரும்பைத் தட்டிப் பார்த்தே அதன் உடம்பைச் சொல்பவர்கள் இந்த ஊரில் குறைவில்லை.

அப்படி ஒருவர் ஸ்க்ரப்பர் மெஷினைப் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு வணிக வளாகத்திலிருந்து 'சக்‌ஷன் போச்சு, மோட்டார் மாத்தணும்' என்று சீட்டு ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. முதலில் அழுக்குத் தண்ணீர் டேங்க்கின் மூடியைத் தூக்கினார். சாக்கடை நாற்றம். அடியில் இரண்டு விரல்கடை சேறு, முடி, ரப்பர் பேண்ட், ஒரு பேனா மூடி. மூடியின் ஓரத்தில் சுற்றி ஒட்டியிருக்க வேண்டிய ஸ்பாஞ்சு ரப்பர் பாதி தூரத்துக்கு இல்லை. மெஷினை ஓடவிட்டு, ஸ்க்வீஜியிலிருந்து ஹோஸைக் கழற்றி அதன் வாயில் உள்ளங்கையை வைத்தார். மெதுவாகத்தான் இழுத்தது. மூடியை மறு கையால் அழுத்திப் பிடித்ததும் உள்ளங்கை ஹோஸோடு ஒட்டிக்கொண்டது. "மோட்டார் நல்லாத்தான் இருக்கு சார். மூடி வழியா காத்து போகுது. அம்பது ரூபாய் ஸ்பாஞ்சுக்கு மோட்டாரையே மாத்தச் சொல்லியிருக்காங்க" என்றார்.

சக்‌ஷன் இல்லை என்ற புகாருக்கு இந்த வரிசையில் பார்க்க வேண்டும்: மூடி, ஹோஸில் அடைப்பு அல்லது கீறல், ஸ்க்வீஜி ரப்பர், அழுக்குத் தண்ணீர் டேங்க்கின் மிதவை, கடைசியில் மோட்டார். ரப்பர் பட்டைக்குப் பெரும்பாலான மெஷின்களில் நான்கு விளிம்பு உண்டு. ஒன்று தேய்ந்தால் திருப்பிப் போடலாம், பிறகு தலைகீழாக, பிறகு மறுபடி திருப்பி. ஒரே விளிம்பு வட்டமாகத் தேய்ந்ததும் மொத்தப் பட்டையையும் குப்பையில் போடும் இடங்கள் உண்டு. நான்கு விளிம்பும் போன பிறகும் அதையே ஓட்டி, தரையில் கோடு கோடாகத் தண்ணீர் விட்டுப்போகிறது என்று மெஷினைத் திட்டும் இடங்களும் உண்டு. எண்ணெய் சிந்தும் பட்டறைத் தரைக்குச் சாதாரண ரப்பர் ஊதிப்போகும், பாலியூரித்தேன் பட்டை கேட்டு வாங்க வேண்டும்.

இங்கே தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பழைய கட்டடங்களிலும் கிடங்குகளிலும் தாண்டூர் கல்லும் ஷாஹாபாத் கல்லும்தான் தரை. இரண்டும் சுண்ணாம்புக் கல். கையால் பதித்த கல்லில் மட்டம் ஒரே சீராக இருக்காது, இணைப்புகளில் விளிம்பு தூக்கி நிற்கும். அந்த விளிம்பு ரப்பரை அரத்தைப்போல ராவிவிடும். வழவழப்பான எபாக்ஸி தரையில் மாதக்கணக்கில் வரும் பட்டை இங்கே சீக்கிரம் போவதற்கு மெஷின் காரணமில்லை. கறை போக வேண்டும் என்று சுண்ணாம்புக் கல்லில் ஆசிட் ஊற்றுகிறார்கள். கல் பொங்கி மெருகு போகும். அதே ஆசிட் மெஷினுக்குள் உறிஞ்சப்பட்டுப் போல்ட்டையும் மோட்டார் உறையையும் தின்னும். போர்வெல் உப்புத் தண்ணீரையே நல்ல தண்ணீர் டேங்க்கில் ஊற்றுவதால் வால்விலும் சிறு குழாய்களிலும் வெள்ளைப் படிவு கட்டும். தண்ணீர் வராவிட்டால் வால்வு போய்விட்டது என்கிறார்கள். முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் பார்க்கலாம்.

சக்‌ஷன் மோட்டார் உண்மையிலேயே போயிருந்தால், பத்தில் ஐந்துக்கு மேல் நுரைதான் காரணம் என்று அந்த மெக்கானிக் சொன்னார். மெஷினுக்கென்று நுரை குறைந்த சோப்பு விற்கிறது. விலை கூட என்பதால் கை மாப்புக்கு வாங்கும் சோப்பு ஆயிலையே ஊற்றுகிறார்கள், அதுவும் இரண்டு மடங்கு. டேங்க் நிரம்பினால் மிதவை எழுந்து சக்‌ஷனை அடைக்கும். நுரைக்கு அந்த எடை கிடையாது. மிதவையைத் தூக்காமலே மேலேறி மோட்டாருக்குள் போய்விடும். பிரித்த மோட்டாரைக் காட்டினார். காம்யூடேட்டரில் காய்ந்த சோப்பு மாவாய் அப்பியிருந்தது, பேரிங் துருவேறிக் கறுத்திருந்தது. கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் மாற்றி, காம்யூடேட்டரை லேத்தில் லேசாக வழித்து, பேரிங் போட்டால் மறுபடி ஓடும். தண்ணீர் குடித்து காயில் வெந்துபோன மோட்டாரைப் புதிதாகப் போடுவதே மேல். வேகமாகச் சுற்றும் இந்தச் சின்ன மோட்டாரைக் காயில் கட்டி ஓட்டினால் பேலன்ஸ் சரியாக அமைவது அபூர்வம். எல்லாவற்றையும் மராமத்துச் செய்யலாம் என்று நான் சொல்ல வரவில்லை.

இனி பேட்டரி. செலவு அதிகம் வைப்பதும், அதிக மெஷின்களைக் கண்டம் ஆக்குவதும் இதுதான்.

24 வோல்ட் மெஷினில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு செல். ஆக 12 செல் ஒரே வரிசையில். இதில் ஒன்று செத்தாலும் மெஷின் அரை மணியில் படுத்துவிடும். இரவெல்லாம் சார்ஜ் போட்டாலும் 'சார்ஜ் நிக்கல' என்ற புகார் தீராது. சார்ஜருக்கு எந்தச் செல் செத்தது என்று தெரியாது. அது மொத்த வோல்ட்டேஜை எட்டுவதற்காக மற்ற 11 செல்லையும் கொதிக்கக் கொதிக்க சார்ஜ் செய்து அவற்றையும் கெடுக்கும். முழு சார்ஜுக்குப் பிறகு ஹைட்ரோமீட்டரை விட்டு கிராவிட்டி பார்த்தால் நல்ல செல் 1.270 அருகில் நிற்கும். எல்லாம் அப்படி இருந்து ஒன்று மட்டும் 1.150 காட்டினால் நோய் தெரிந்துவிட்டது. எல்லாமே ஒன்றுபோலக் குறைவாக இருந்தால் செல் மேல் சந்தேகப்படுவதற்கு முன் சார்ஜரைச் சோதிக்க வேண்டும். சார்ஜர் கெட்டது தெரியாமல் பேட்டரி செட்டை இரண்டு முறை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

ஆசிட் பேட்டரி சாவது பெரும்பாலும் தண்ணீர் விஷயத்தில். டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது உள்ளே திரவம் விரியும். முன்பே கழுத்துவரை ஊற்றினால் ஆசிட் பொங்கி வழியும். தகடு வெளியே தெரியும் அளவு வற்றியிருந்தால் மட்டும் தகடு மூழ்கும்வரை முதலில் ஊற்றிவிட்டு சார்ஜ் போடலாம். இந்தச் சின்ன விதியைச் சொல்லிக்கொடுக்காத இடங்களில், பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும், அடித்தட்டு துருப்பிடித்து உதிரும். வழிந்த ஆசிட் மெஷினின் சட்டத்தை அரித்திருக்கும். மெஷினுக்கு உண்மையான மரணம் அங்கே வருகிறது.

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பேட்டரி இருக்கும் இடத்தின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாத் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அப்போதும் சார்ஜிங் இடமாக ஒதுக்கப்படுவது காற்றோட்டமில்லாத பேஸ்மெண்ட் மூலை. இது ஆபத்தும்கூட: சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ உள்ள ஓரிடத்தை இதற்குக் கொடுப்பது பெரிய செலவில்லை.

செட்டை மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழையதோடு புதியதைக் கோத்தால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். கழற்றிய பேட்டரியின் எடையில் பெரும்பங்கு ஈயம். காட்டேதான் தொழிற்பேட்டை மண்ணில் ஈயம் உள்ளிட்ட கன உலோகங்கள் கலந்திருப்பதை இதே ஊரின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. கிலோவுக்கு நாலு ரூபாய் கூடக் கொடுக்கிறான் என்று சந்தில் உருக்குபவனிடம் போடாமல் டீலரிடம் எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவை பக்கத்து வீட்டுக் குழந்தைகள்.

பேட்டரி, ரப்பர், மோட்டார் மூன்றுக்கும் ராணிகஞ்சில் வழி உண்டு. வழி அடைபடுவது எலக்ட்ரானிக் போர்டில். புதிய மெஷின்களில் பிரஷ், சக்‌ஷன், நடை எல்லாவற்றையும் ஒரு கண்ட்ரோல் போர்டு ஆள்கிறது. அது போனால் திரையில் ஒரு எண் மட்டும் மின்னும். அந்த எண்ணுக்கு அர்த்தம் கம்பெனி லேப்டாப்பில் இருக்கும். சர்க்யூட் படம் வெளியில் கிடைக்காது. மாடல் நிறுத்தப்பட்டுவிட்டால் போர்டும் கிடைக்காது. மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் மெஷின் பிணம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன் உள்ளிட்ட மின்னணுச் சாதனம், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்ற நான்கு துறைகளை அதற்கு எடுத்துக்கொண்டார்கள். ஸ்க்ரப்பர் மெஷின் அந்தப் பட்டியலில் இல்லை. ஆஸ்பத்திரியும் ரயில் நிலையமும் நம்பியிருக்கும் மெஷினுக்கு இந்த உரிமை வேண்டும் என்று வாங்குபவர்கள் சேர்ந்து கேட்க வேண்டும். கேட்டால் கிடைக்காத விஷயமில்லை. கோயம்புத்தூரின் ரூட்ஸ் குழுமம் ஜெர்மனியின் ஹாக்கோவுடன் சேர்ந்து துப்புரவு மெஷின் செய்யத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. பாகங்களை உள்நாட்டிலேயே செய்ய நமக்குத் தெரியும்.

கணக்குப் பிரிவிலிருந்து வரும் வாதம் வேறு. வருமான வரிக்குப் பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம், மிச்ச மதிப்பின் மேல். 100 ரூபாய் மெஷின் ஐந்து வருடம் முடியும்போது புத்தகத்தில் 44 ரூபாய் சொச்சம். எஸ்டிமேட் அதற்குப் பக்கத்தில் வந்தாலே 'புதுசு வாங்கு' என்கிறார்கள். புத்தக மதிப்பை இதில் ஏன் இழுக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்ததில்லை. ஒப்பிட வேண்டியது, பழுது பார்த்தால் இன்னும் எத்தனை வருடம் ஓடும், அந்த ஒவ்வொரு வருடத்துக்கும் என்ன செலவு என்பதையும், புதியதன் விலையை அதன் ஆயுளால் வகுத்தால் என்ன வரும் என்பதையும். மெஷின் நிற்கும் நாட்களில் ஆள் வைத்துத் துடைக்கும் கூலியையும் இதில் சேர்க்க வேண்டும். மாதம் இரண்டு முறை நிற்கும் மெஷினை இரக்கப்பட்டு வைத்திருப்பதும் தப்பு.

பெரிய கட்டடங்களில் மெஷின் கட்டடத்தின் சொந்தக்காரருடையது இல்லை என்பது இன்னொரு சிக்கல். ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்ட் எடுத்தவர் கொண்டுவருவார். காண்ட்ராக்ட் முடியப்போகும் வருடத்தில் அவர் அதற்குப் பேட்டரி போடுவாரா? அடுத்த டெண்டர் யாருக்கோ. மெஷினைப் பிடித்து ஓட்டும் பெண்ணுக்கோ அதைப் பற்றிப் பேசும் இடமே இல்லை. மகபூப்நகரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்திருப்பார். ஸ்விட்ச் எது என்று காட்டிக்கொடுத்ததுதான் அவருக்குக் கிடைத்த பயிற்சி. ஆனால் மெஷின் நின்றுபோவதற்குப் பல நாட்கள் முன்னாலேயே 'அண்ணா, சத்தம் மாறியிருக்கு' என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருப்பவர் அவர். அந்த வார்த்தையை எந்த ரெஜிஸ்டரும் பதிவதில்லை.

அமெரிக்காவின் டென்னன்ட் கம்பெனி 1870இல் மர வேலைக் கம்பெனியாகத் தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் மினியாபொலிஸ் பள்ளி ஒன்றின் துப்புரவுத் தொழிலாளி பென் காஸ்பர், ஸ்டீல் ஊல் சுற்றிய உருளையை வைத்துத் தரை தேய்க்கத் தானே செய்த கருவியை அவர்களிடம் கொண்டுவந்து காட்டினார். அந்தக் கம்பெனி தரை மெஷின் தொழிலுக்கு வந்தது அப்படித்தான். தரையைத் தினமும் தேய்ப்பவரிடம் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

ஷிஃப்ட் முடியும்போது மெஷின் ஓட்டுபவருக்குக் கால் மணி நேரம் கொடுங்கள். அழுக்குத் தண்ணீரை வடித்து, டேங்க்கைக் கழுவி, மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். நாற்றமும் வராது, ஸ்பாஞ்சும் நசுங்காது. ஸ்க்வீஜியைத் துடைத்து, பிரஷ்ஷில் சுற்றிய நூலை எடுத்து, இரண்டையும் தரையில் படாமல் தூக்கி நிறுத்திவிட்டுச் சார்ஜில் போட வேண்டும். அந்தக் கால் மணிக்கும் சம்பளம் உண்டு என்று காண்ட்ராக்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அது நடக்காது.

செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்குபவர்களுக்கும் இதே பார்வைதான். சிறிய ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் எல்லாம் இப்போது பழைய மெஷின் தேடுகின்றன, நல்லதுதான். ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரைப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பெயிண்ட் பளபளப்பை நம்பவே வேண்டாம். பேட்டரியைத் தூக்கி வெளியே வைக்கச் சொல்லி அடித்தட்டைப் பாருங்கள். அங்கே சட்டம் அரித்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடலாம். முழு சார்ஜில் ஒரு மணி நேரம் தண்ணீரோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காலி மெஷின் ஐந்து நிமிடம் எல்லோரிடமும் நன்றாகத்தான் ஓடும். மருந்து ஆலையிலிருந்து வரும் மெஷினுக்குப் பராமரிப்புப் பதிவேடு ஒழுங்காக இருக்கும். மருந்து ஆலைகளுக்கென்று 2023 டிசம்பரில் திருத்தி வெளியிட்ட ஷெட்யூல் எம் விதிகள் வேறு கெடுபிடியை இன்னும் கூட்டியிருக்கின்றன. அதனால் விலை நியாயமாகப் பட்டாலும், எந்த மருந்து தயாரான இடத்தில் ஓடியது என்று கேளுங்கள். ஆன்டிபயாடிக் தயாரிப்பில் ஓடிய மெஷின் வேறு மருந்து ஆலைக்கோ சமையல்கூடத்துக்கோ போகக் கூடாது. டேங்க்கிலும் ஹோஸிலும் தங்கியதை எவ்வளவு கழுவினாலும் சுத்தமாகிவிட்டது என்று சத்தியம் செய்ய முடியாது.

புதியது வாங்க வேண்டிய நேரமும் வரத்தான் செய்யும். சட்டம் அரித்துவிட்டது, போர்டு எங்குமே கிடைக்கவில்லை, இல்லையென்றால் கட்டடம் விரிந்து அரை மீட்டர் பிரஷ் போதவில்லை. அப்போது யோசிக்காமல் மாற்றுங்கள். பழையதை உடனே காயலான் கடைக்கு அனுப்பாமல், அதே மாடல் இன்னொன்று ஓடுகிறதென்றால் அதற்கு உதிரிக்காக நிறுத்திக்கொள்ளுங்கள். புதியதற்கு ஆர்டர் கொடுக்குமுன் ஸ்க்வீஜி ரப்பர், சக்‌ஷன் மோட்டார், கண்ட்ரோல் போர்டு மூன்றின் விலையையும், அவை எத்தனை வருடம் கிடைக்கும் என்பதையும் டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தர மறுக்கும் டீலரிடம் வாங்க வேண்டாம். டெமோவை அவர்கள் ஷோரூமில் பார்க்காதீர்கள். உங்கள் கட்டடத்திலேயே மோசமான தரை எதுவோ அங்கே, தாண்டூர் கல் தூக்கி நிற்கும் அந்த மூலையில், தினமும் ஓட்டப்போகிற அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடி அவர் உயரத்துக்கு ஏற்றதாக இருக்கிறதா, நிரம்பிய டேங்க்கோடு அவரால் திருப்ப முடிகிறதா, மூடியைத் திறந்து அவர் கை அடிவரை எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டரில் கையெழுத்துப் போடுங்கள்.